கயாக் துடுப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகின் துடுப்பை மாற்றியதும் ஜிபிஎஸ்ஸில் வேகம் ஏறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் ஏறியது வலிப்பவரின் உற்சாகம்தான். படகை நகர்த்தத் தேவையான சக்தி, ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் படியை ஒட்டி உயரும். அதாவது 5% வேகம் கூட 16% கூடுதல் உழைப்பு வேண்டும். அதனால் வேகத்தை அளந்து துடுப்பை எடை போடாதீர்கள். வேகத்தை நிலையாக வைத்துக்கொண்டு, உடல் எவ்வளவு உழைக்கிறது என்று பாருங்கள்.

ஒப்பிட வேண்டியவை மூன்று வகை. கரண்டி போல லேசாகக் குழிந்த அகலப் பிளேடு (நீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) கொண்ட யூரோ துடுப்பு. 8 முதல் 9 செ.மீ. அகலமே உள்ள, நீண்ட மரத்தாலான கிரீன்லாந்து துடுப்பு. 1980களில் ஸ்வீடனில் உருவாகிப் பந்தயங்களைப் பிடித்துக்கொண்ட, இறக்கை போல வளைந்த பிளேடுள்ள விங் துடுப்பு.

காற்றில்லாத அதிகாலையில், ஓட்டமில்லாத நீரில் 500 மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். கழிமுகம் என்றால் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துப் போங்கள். ஜிபிஎஸ் காட்டுவது தரையைச் சார்ந்த வேகம். நீரோட்டம் இருந்தால் அது பொய் சொல்லும். போய் வந்தால் சரிக்குச் சரியாகிவிடும் என்பதும் தப்புக் கணக்கு, எதிர் ஓட்டத்தில் செலவாகும் கூடுதல் சக்தி திரும்பும்போது முழுதாகக் கிடைக்காது.

பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிவிட்டு, மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் (500 மீட்டருக்கு 5 நிமிடம்) போய் வாருங்கள். இதயத்துடிப்பை மார்புப் பட்டையால் அளப்பது நல்லது. தண்டை இறுகப் பிடிப்பதால் கைக்கடிகாரம் அடிக்கடி தடுமாறும். துடிப்பு நிலைபெற இரண்டு மூன்று நிமிடமாகும், எனவே ஒவ்வொரு 500 மீட்டரிலும் கடைசி 2 நிமிடச் சராசரியை மட்டும் எடுங்கள். துடிப்பு பழைய நிலைக்கு இறங்கிய பிறகே அடுத்த துடுப்பு. வரிசை முக்கியம்: யூரோ, கிரீன்லாந்து, விங், பிறகு விங், கிரீன்லாந்து, யூரோ. வெயிலும் களைப்பும் ஏற ஏற அதே வேலைக்கே துடிப்பு கூடும். திருப்பி வரிசைப்படுத்தினால்தான் அந்தப் பிழை பங்கிடப்படும். மூன்று நான்கு துடிப்பு வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

துடுப்பு நீரில் எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆழமில்லாத இடத்தில் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதை ஒட்டி வலித்துச் செல்வதைக் கரையிலிருந்து பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். பிளேடு இறங்கிய இடத்துக்குப் பின்னால் வெளிவந்தால், அந்தத் தூரம் நீரைக் கலக்கியதில் போன உழைப்பு. விங் வெளிப்பக்கமாக விலகி நகர்ந்து இறக்கை போல உந்துவதால், பழகியவர் கையில் பின்வழுக்கல் மிகக் குறைவு.

முடிவு கோணலாவது பெரும்பாலும் இங்கேதான்: எல்லாத் துடுப்பையும் ஒரே மாதிரி வலிப்பது. கிரீன்லாந்து துடுப்பின் மேல்விளிம்பை முன்பக்கம் சற்றுச் சாய்க்காவிட்டால் பிளேடு நடுங்கும், பின்புறம் காற்று உள்ளிழுக்கப்பட்டு 'களக்' என்று சத்தம் வரும். விங்கைப் பாதத்தருகே, படகை ஒட்டி இறக்கி வெளியே விலக விட வேண்டும். படகோடு ஒட்டியே நேராக இழுத்தால் அது முறுக்கிக்கொள்ளும். யூரோவில் பிளேடு முழுவதும் முங்கிய பிறகே இழுக்க வேண்டும், இடுப்பருகே எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் தண்ணீரைத் தூக்குகிறீர்கள், அவ்வளவே.

இன்னொன்று எடை. வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியத் தண்டு, பிளாஸ்டிக் பிளேடு துடுப்பு 1 கிலோவுக்கு மேல் இருக்கும். கார்பன் 700 கிராம் அளவில் இருக்கும். இவை இரண்டையும் வைத்துக்கொண்டு வடிவத்தை ஒப்பிட முடியாது. நீளமும் அப்படித்தான்: யூரோ 210 முதல் 230 செ.மீ., கிரீன்லாந்துக்கு விரித்த இரு கைகளின் அகலத்தோடு ஒரு முழம் என்பது பழைய அளவு.

துடுப்பை எத்தனை முறை வலிக்கிறீர்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள், ஆனால் குறைவான எண்ணிக்கையைச் சிக்கனம் என்று நினைக்காதீர்கள். பெரிய பிளேடு எண்ணிக்கையைக் குறைத்துவிட்டுச் சுமையைத் தோளில் ஏற்றும். கிரீன்லாந்தில் எண்ணிக்கை கூடினாலும் ஒவ்வொரு இழுப்பும் இலகு. பக்கக் காற்றும் அதை அவ்வளவாகப் பிடிக்காது. நேர்க்கோட்டில் விரைய விங்குக்கு நிகரில்லை. அலையில் சாயும் படகைத் துடுப்பால் ஊன்றி நிறுத்த வேண்டிய இடத்தில் மட்டும், பழகாதவர் அதை நம்ப வேண்டாம்.