உண்ணி என்று பிடுங்காதீர்கள்: பூனையைப் புரிந்துகொள்வதில் நேரும் தவறுகள்

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்த கடுவன் பூனையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தபோது விரலில் பரு போல ஏதோ தட்டுப்பட்டது. ரோமத்தை விலக்கிப் பார்த்தால், வெளிர் சிவப்பில் ஒரு சிறு உருண்டை. உண்ணி என்று முடிவுகட்டி, இடுக்கியால் பற்றி இழுத்தேன். கையில் நான்கு கோடுகளைப் போட்டுவிட்டுப் பூனை கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. இரத்தத்தைத் துடைத்த பிறகுதான் நிதானமாக யோசித்தேன். மறுபக்கம் அதே இடத்தில் இன்னொன்று இருந்தது. கீழே இன்னும் சில, எல்லாம் இரட்டை வரிசையில். முலைக்காம்புகள். ஆண் பூனைக்கும் அவை உண்டு, பெரும்பாலும் எட்டு. உண்ணி வரிசை பார்த்து உட்காராது. அதற்குக் கால்களும் இருக்கும்.

ஓராண்டு கழித்து அதே பூனை மணல் பெட்டிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. குந்தி முக்கியது, ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலாக இருக்கும், நாளைக்குச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாள் காலை வயிற்றைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், வேறு எதையும் கேட்காமல் பூனையை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். சிறுநீர்க் குழாய் அடைத்திருந்தது. காம்பைக் கண்டு இடுக்கியைத் தூக்கிய நான், உயிர் போகும் விஷயத்தில் தூங்கப் போயிருக்கிறேன். மற்றவர்களிடம் நான் பார்க்கும் தவறுகளும் பெரும்பாலும் இப்படித்தான் தலைகீழாக இருக்கின்றன. உடம்பில் உள்ள விநோதத்தைக் கண்டு பதறுகிறார்கள். நடத்தையில் புதிதாகத் தோன்றும் விநோதத்தைப் பார்த்து ரசிக்கிறார்கள்.

பதற வேண்டாதவை

நடக்கும்போது பின்னங்கால்களுக்கு நடுவே ஊசலாடும் வயிற்றுத் தோலைப் பார்த்துவிட்டு உணவைக் குறைப்பவர்கள் உண்டு. கர்ப்பம் என்று நம்பி, குட்டி ஈனப் பெட்டி தயார் செய்தவர்களும் உண்டு. ஒல்லியான பூனைக்கும் இருக்கும் இயல்பான தோல் மடிப்பு அது. எடை கூடியிருக்கிறதா என்று அறிய, விலாப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அழுத்தாமலேயே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது.

கழற்றிப் போட்ட காலுறையை முகர்ந்ததும் பூனை வாயைப் பாதி திறந்து, மேலுதட்டைச் சுருக்கி, எதையோ கண்டு திகைத்ததுபோல் நிற்கும். அருவருப்பும் இல்லை, மூச்சுத்திணறலும் இல்லை. மேலண்ணத்தில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், வாசனையை ஆராயும் தனி உறுப்பு ஒன்றின் வாசல் இருக்கிறது. காற்றை அங்கே இழுத்துக்கொள்ளும்போதுதான் அந்த முகம். சில நொடிகளில் முடிந்துவிடும்.

செம்பட்டைப் பூனைகளின் உதட்டிலும் மூக்கிலும் கண்ணிமையிலும் வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் வரும். தட்டையாக இருந்தால் கவலை இல்லை. மேடாக வளர்ந்தாலோ இரத்தம் கசிந்தாலோ காட்ட வேண்டும். காது மடலின் வெளி ஓரத்தில் இருக்கும் சிறு பை கிழிசல் அல்ல. தரையில் கிடைக்கும் பிறை வடிவத் துண்டும் பிய்ந்து விழுந்த நகம் அல்ல, நகத்தின் பழைய உறை. முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நான்கு என்று மொத்தம் 18 விரல்கள்தான் வழக்கம். அதற்கு மேல் இருந்தால் பரம்பரையாக வந்தது, நோய் அல்ல. ஆனால் அந்தக் கூடுதல் விரலின் நகம் தேயாமல் வளைந்து பாதத்துக்குள்ளேயே இறங்கிவிடக்கூடும் என்பதால் அவ்வப்போது வெட்டிவிட வேண்டும்.

இரு கண்களும் நீலமாக உள்ள வெள்ளைப் பூனை கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், திமிர் என்று சொல்வதற்கு முன் அதன் முதுகுக்குப் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். அத்தகைய பூனைகளில் 65 முதல் 85 சதவீதம் பிறவியிலேயே செவிடு.

மூன்றாம் இமை மட்டும் இருபுறமும் சாயக்கூடிய விஷயம். கண்ணின் உள்மூலையிலிருந்து வெண்மையாக ஒரு சவ்வு ஏறிவரும். அரைத்தூக்கத்தில் அது தெரிவது இயல்பு. நன்றாக விழித்திருக்கும்போதும் இரு கண்களிலும் தெரிந்தால் உடம்பில் எங்கோ நோய் இருக்கக்கூடும். ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தால் அந்தக் கண்ணில் காயமா என்று பார்க்க வேண்டும்.

ரசிக்கக் கூடாதவை

சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கும் பூனையைப் படம் எடுத்துச் சிரிப்பவர்களை என்ன சொல்வது! பூனை நம் காலில் தலையை உரசுவது அன்பு; தன் வாசனையைப் பூசிவிட்டு நகர்ந்துவிடும். சுவரிலோ மூலையிலோ தலையை அழுத்தியபடியே நிற்பது வேறு. மூளை, கல்லீரல், இரத்த அழுத்தம், நஞ்சு இவற்றில் ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கலாம்.

நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கினால் அது வெயிலுக்கு. பூனை அப்படிச் செய்தால், கடுமையாக ஓடியாடிய சில நிமிடங்களைத் தவிர, இதயமோ நுரையீரலோ தடுமாறுகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி, இருமி இருமி எதையும் கக்காத பூனைக்கு முடியுருண்டை சிக்கியிருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது ஆஸ்துமாவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

வயதான பூனைகளின் நோயைத்தான் நாம் அழகாகத் தவறவிடுகிறோம். பத்து வயதைத் தாண்டிய பூனை அள்ளி அள்ளித் தின்று, வீட்டைச் சுற்றி ஓடி, நள்ளிரவில் ஊளையிட்டால், இளமை திரும்பிவிட்டது என்று மகிழ்கிறோம். தின்றும் மெலிகிறதா என்று பாருங்கள். மெலிந்தால் தைராய்டு சுரப்பு மிகுந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். மாறாக, அலமாரி ஏறுவதை விட்டுவிட்ட பூனையை ‘பக்குவப்பட்டுவிட்டது’ என்கிறோம். அதன் இடுப்புப் பக்கம் ரோமம் சிக்குப் பிடித்துக் கிடந்தால், திரும்பி நக்க முடியாத அளவுக்கு மூட்டு வலிக்கிறது என்று பொருளாக இருக்கலாம். மணல் பெட்டியின் விளிம்பைத் தாண்ட முடியாமல்தான் அது பக்கத்திலேயே சிறுநீர் கழித்திருக்கும். அதற்காக அதன் மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்ப்பது கொடுமை. பூனை அதிலிருந்து கற்றுக்கொள்வது உங்களைக் கண்டால் ஒளிய வேண்டும் என்பதை மட்டுமே.

சிறுநீர் அடைப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. படிகமும் சளியும் சேர்ந்த சிறு துணுக்கு போதும், அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போவது, சொட்டு மட்டும் வருவது, பிறப்புறுப்பை நக்கிக்கொண்டே இருப்பது, கத்துவது, பிறகு வாந்தி. வெளியேற வேண்டிய பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி இதயத்தைத் தாக்கும். 24 முதல் 48 மணி நேரத்தில் உயிரே போகலாம். நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

சாப்பிடாமல் இருப்பதும் அடம் அல்ல. பருமனான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு கல்லீரலில் போய்க் குவியும். அது தனி நோயாக மாறிவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மறுமுனை குடலில் சிக்கியிருந்தால் அது குடலை அறுத்துவிடும்.

நாய்க்குச் சொன்னது பூனைக்கு ஆகாது

வாலாட்டினால் மகிழ்ச்சி என்று நாயிடம் கற்றுக்கொண்டு பூனையிடம் கடி வாங்காதவர் குறைவு. தடவும்போது வால் நுனி சுளீர் சுளீரென்று அடித்துக்கொண்டால், போதும் என்கிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவது நம்பிக்கைதான், தொடச் சொல்லும் அழைப்பு அல்ல. ‘குர்ர்’ என்ற ஒலியையும் அப்படியே நம்ப முடியாது. குட்டி ஈனும்போதும் வலியில் கிடக்கும்போதும்கூடப் பூனை அந்த ஒலியை எழுப்பும். அடைப்போடு மருத்துவர் மேசையில் கிடந்த என் பூனையும் அதைத்தான் செய்தது.

மருந்து விஷயத்திலும் இதே குழப்பம். நாய்க்கான உண்ணி மருந்துகள் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும் நஞ்சு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடும். அதை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு.

எது விநோதம் என்பதைப் பொதுவான பட்டியலை வைத்துத் தீர்மானிப்பதே தவறு என்பது என் கருத்து. உங்கள் பூனை குட்டியிலிருந்தே செய்யும் கோணங்கித்தனத்தை விட்டுவிடலாம். நேற்று இல்லாமல் இன்று வந்ததைத்தான் கவனிக்க வேண்டும். அதற்கு நேற்று எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமே! பூனை நன்றாக இருக்கும் நாளில், அது தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்துவையுங்கள், 30க்குள் இருக்கும். மாதம் ஒரு முறை அதைத் தூக்கிக்கொண்டு எடை பாருங்கள், பிறகு உங்கள் எடையைக் கழியுங்கள். புதிதாக எதையாவது செய்தால், ஒரு நிமிடமாவது வீடியோ எடுங்கள். முகத்தை மட்டும் எடுக்காமல் வயிறும் பின்னங்கால்களும் தெரிய எடுங்கள், ஏனெனில் மருத்துவர் மேசையில் ஏறியதும் பூனை உறைந்துபோய் உட்கார்ந்துவிடும். வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது.