பழைய பிஃப்த் வீல் வாங்கும்போது அடிச்சட்டத்தில் கோட்டை விடாதீர்கள்

பழைய பிஃப்த் வீல் ட்ரெய்லர், அதாவது பிக்அப் ட்ரக்கின் பின்தொட்டியில் பூட்டி இழுக்கும் வண்டிவீடு, பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் முதல் பத்து நிமிடத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். படியேறி உள்ளே போனால் மின்கணப்பு, சாய்வு சோபா, நடுமேடை போட்ட சமையலறை. மனைவி அலமாரிகளைத் திறந்து பார்க்கிறார், பிள்ளைகள் படுக்கையில் ஏறிக் குதிக்கிறார்கள். வாங்கிவிடலாம் என்று மனம் அப்போதே முடிவு செய்துவிடுகிறது. அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதெல்லாம் வெறும் சடங்கு. எனக்கும் நண்பர்களுக்குமாக இதுவரை ஏழெட்டு வண்டி பார்த்திருக்கிறேன். முதல் இரண்டில் நானும் இப்படித்தான் நடந்துகொண்டேன். இப்போது உள்ளே போவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன்.

பெயர் புதிராக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காக அதன்மேல் படுக்கைவாட்டில் ஒரு சக்கரம் வைத்தார்கள். அதுதான் ஐந்தாவது சக்கரம். சென்னையிலும் தூத்துக்குடியிலும் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் இழுக்கும் ட்ரெய்லர் லாரிகளில் இருப்பதும் இதே இணைப்புதான். லாரியில் இருக்கும் தட்டின் வாயில், ட்ரெய்லரின் முன்னடியிலிருந்து நீளும் கிங் பின் என்ற தடித்த இரும்பு முளை போய்ப் பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைப் பிக்அப் ட்ரக்கின் பின்தொட்டியில் பொருத்தி, ஒரு வீட்டையே கோர்த்து இழுக்கிறார்கள். ஆனால் கண்டெய்னர் சேஸ் பாரத்துக்கென்றே கட்டியது. வண்டிவீட்டின் சட்டமோ எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும், உயரமும் மிஞ்சக் கூடாது என்று மூன்று பக்கமும் நெருக்கப்பட்டு மெலிந்த இரும்பு. நீளவாட்டில் ஓடும் இரண்டு ஐ வடிவ உத்திரங்கள் பல வண்டிகளில் ஒரே துண்டாகக்கூட இருக்காது. மூன்று பட்டைகளைச் சேர்த்து வெல்டிங் செய்ததாக இருக்கும்.

இந்த வண்டியில் சோதனை முழுவதும் கழுத்துக்குத்தான். படுக்கையறையைத் தாங்கும் மேல்தளம் முன்பக்கம் நீட்டிக்கொண்டு ட்ரக்கின் தொட்டிக்கு மேலே வரும். அது கீழ்ச்சட்டத்தோடு சேரும் இடம்தான் கழுத்து. வண்டியின் மொத்த எடையில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் கிங் பின்னில் இறங்கும். 12,000 பவுண்ட் வண்டி என்றால் 2,400 முதல் 3,000 பவுண்ட். அவ்வளவும் கழுத்து மூலையில் இருக்கும் சில வெல்டிங்குகள் வழியாகத்தான் போயாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு பள்ளத்திலும் உலுக்கப்பட்டு.

நிற்கிற வண்டியை மட்டும் பார்ப்பது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். விற்பவர் வீட்டு முற்றத்தில் வண்டி முன்கால்களை ஊன்றி நிற்கும். அந்தக் கால்கள் கழுத்துக்குப் பின்னால் இருப்பதால், மேல்தளம் பிடிமானம் இல்லாமல் முன்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் எடை கழுத்தைக் கீழ்நோக்கி வளைக்கப் பார்க்கும். ட்ரக்கில் பூட்டிக் கால்களைத் தூக்கிவிட்டால் கதை தலைகீழ்: கிங் பின் மேல்தளத்தைக் கீழேயிருந்து மேலே தள்ளும். ஒரு நிலையில் இழுபடும் வெல்டிங் மற்ற நிலையில் அழுந்தும். அழுந்தும்போது விரிசல் வாயை மூடிக்கொள்ளும், டார்ச் அடித்தாலும் தெரியாது. கால் ஊன்றி நிற்கும் வண்டியைப் பார்ப்பது, சட்டை போட்டவரின் முதுகைப் பார்த்து ஆரோக்கியம் சொல்வது மாதிரி.

ஆகவே வண்டியை இரண்டு நிலையிலும் பாருங்கள். கால் ஊன்றி நிற்கும்போது கிங் பின்னைத் தாங்கும் இரும்புப் பெட்டிக்கும் (பின் பாக்ஸ் என்பார்கள்) முன்பக்க ஃபைபர் முகப்புக்கும் இடையே உள்ள இடைவெளியை நாலைந்து இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முகப்பும் பக்கச்சுவரும் சேரும் தையலின் குறுக்கே காகித டேப் ஒட்டி, அதன்மேல் பென்சிலால் ஒரு கோடு. பிறகு விற்பவரின் ட்ரக்கில் பூட்டச் சொல்லி, கால்களைத் தூக்கிய பின் மறுபடி அளவெடுங்கள். அதோடு விடாமல் கால்மணி நேரம் மேடுபள்ளச் சாலையில் ஓட்டிவிட்டு வந்து டேப்பைப் பாருங்கள். சுருங்கியோ கிழிந்தோ கோடு விலகியோ இருந்தால் சுவர் தனியாக நகர்ந்திருக்கிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. ட்ரக்கின் பிரேக் கன்ட்ரோலரில் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் பிடித்துக்கொண்டு, ட்ரக்கை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கச் சொல்ல வேண்டும். நீங்கள் பக்கவாட்டில் தள்ளி நின்று கழுத்தைக் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவில் போய் நிற்காதீர்கள், அடியில் தலையை விடவே கூடாது. இங்கே ஒரு நியாயம் சொல்ல வேண்டும்: எல்லாச் சட்டமும் கொஞ்சம் நெளியும், நெளியாத இரும்பு கிடையாது. இரும்பும் அதன்மேல் இருக்கும் பெட்டியும் ஒன்றாக அசைந்தால் பயமில்லை. இரும்பு ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் போனால், உள்ளே சுவரைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் திருகுகளும் வெல்டிங்கும் விட்டுப்போயிருக்கின்றன.

உள்ளே இருக்கும் சாட்சியை அழகுக்குறை என்று ஒதுக்குவது

கழுத்து தளர்ந்தால் அது முதலில் வெளிப்படுவது படுக்கையறையில்தான். முன்சுவர் அலமாரியின் மேல்விளிம்புக்கும் கூரைக்கும் நடுவே விரல் நுனி போகும் இடைவெளி. சாத்தினால் நிற்காத இழுப்புக் கதவு. மூலைப் பட்டியிலிருந்து எட்டிப் பார்க்கும் திருகுகள். ஏதோ ஒரு மூலையில் மட்டும் புதிதாகப் பூசிய சிலிகான். விற்பவர் “ரோட்டில் ஆடுகிற வண்டி சார், இதெல்லாம் சகஜம்” என்பார். ஒன்றிரண்டு இருந்தால் சகஜம்தான். எல்லாம் முன்பக்கத்திலேயே கூடியிருந்தால் சகஜம் இல்லை.

வெளியே பார்க்கவேண்டிய இடம் ஸ்லைட்அவுட் வாசலின் மேல்மூலைகள். பக்கச்சுவரில் பெரிய ஓட்டை வெட்டித்தான் அந்த நகரும் அறையை வைக்கிறார்கள், அதனால் சுவரின் பலம் அங்கே குறைவு. மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பும் மயிரிழை விரிசலோ மடிப்போ பெட்டி முறுக்கப்படுவதற்கு அடையாளம். வெயில் சாய்ந்த நேரத்தில் சுவரை ஒட்டி நின்று நீளவாட்டில் பார்த்தால் நடுப்பகலில் கண்ணில் படாத உப்பலும் அலையும் தெரியும்.

உப்பல் எல்லாமே சட்டத்தின் குற்றம் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். கூரைத் தையல் வழியாகத் தண்ணீர் இறங்கி, ஃபைபருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளைவுட் ஊறினாலும் சுவர் இப்படியே உப்பும். ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய விலை இல்லை. ஈரம் காட்டினால் நோய் கூரையில். காய்ந்தே இருந்தும் தையல் பிரிந்திருந்தால் சந்தேகம் இரும்பின்மேல். சில வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும்: சட்டம் நெளிந்து தையல் பிரிய, அந்த வழியே தண்ணீர் புகுந்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஓட்டையை மட்டும் அடைத்து விற்பார்கள்.

அடிமறைப்பைத் தொடாமல் திரும்புவது

அடியில் உள்குழல் ஓடிய கறுப்புப் பிளாஸ்டிக் அட்டையைத் திருகி மூடியிருப்பார்கள். குழாய்கள் குளிரில் உறையாமல் இருக்கப் போட்டது அது. போகிறபோக்கில் சட்டத்தையும் மறைத்துவிடுகிறது. விற்பவரிடம் கேட்டு, அச்சுகளுக்கு மேலே உள்ள பகுதியில் மட்டுமாவது திருகுகளைக் கழற்றித் தாழ்த்திப் பாருங்கள். மொபைலில் செருகும் குழாய்க் கேமரா இருந்தால் ஒரு சின்னத் துளை போதும். அட்டையில் ஏற்கெனவே சதுரமாக வெட்டி டேப் ஒட்டிய இடம் தென்பட்டால் அங்கேதான் முதலில் கேமராவை விட வேண்டும். யாரோ எதற்கோ உள்ளே போயிருக்கிறார்கள்.

தேடவேண்டியது ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர்கள் உத்திரத்தோடு சேரும் இடம். குறுகிய இடத்தில் திருப்பும்போது முன் அச்சின் டயர்கள் ஒரு பக்கமும் பின் அச்சின் டயர்கள் எதிர்ப்பக்கமும் தரையில் உரசி இழுபடும். அந்த இழுப்பு ஹேங்கரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுகிறது. உத்திரத்தின் அடித்தட்டு அதோடு சேர்ந்து திருக, மெல்லிய நடுத்தகடு மேலும் கீழுமாக மடங்கி மடங்கி, கம்பியை வளைத்து வளைத்து ஒடிக்கிற மாதிரி வெடிக்கும். ஹேங்கருக்கு நேர் மேலே, நடுத்தகடும் அடித்தட்டும் சேரும் வெல்டிங் ஓரத்தில் படுத்தவாக்கில் ஓடும் கோட்டைத் தேடுங்கள். பெயின்ட்டில் மயிரிழை, அதிலிருந்து துருநிறம் வழிந்திருந்தால் அது கீறல் இல்லை, விரிசல். சந்தேகம் தீரவில்லையா? வெல்டிங் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, நேரம் கொடுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளைப் பூச்சைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும்.

மேலோட்டமான துருவைப் பார்த்து ஓடிவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறுதான். ஐந்தாறு வருடமான சட்டத்தில் தவிட்டு நிறத் துரு படிவது இயல்பு. தோல் தோலாக உரிகிற துருதான் ஆபத்து. பனிக்காலத்தில் சாலைக்கு உப்புப் போடும் மிச்சிகன், ஒஹையோ, ஒன்ராறியோ பக்கத்து வண்டி என்றால் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் இற்றுப்போயிருக்கிறது.

துருவைவிட எனக்குக் கிலி தருவது பளபளப்பு. பத்து வருடப் பழைய வண்டியில் கிங் பின் பெட்டியைச் சுற்றியும் ஹேங்கர் அருகிலும் மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் எதற்கு? பழுது பார்த்ததே தப்பு என்று சொல்லவில்லை. விரிசலின் முனையில் துளையிட்டு நிறுத்தி, தேய்த்துத் திறந்து, முழு ஆழத்துக்கு வெல்டிங் செய்து, மேலே தகடு வைத்து, இரண்டு உத்திரங்களுக்கும் நடுவே குறுக்குச் சட்டமும் போட்டிருந்தால் அது புதிதாக இருந்தபோதைவிடப் பலமாகக்கூட இருக்கலாம். யார் செய்தார்கள், பில் எங்கே, செய்யும் முன் எடுத்த படம் உண்டா என்று கேளுங்கள். விரிசலின்மேல் எறும்புப் புற்று மாதிரி வெல்டிங் குவித்து பெயின்ட் அடித்திருந்தால் அதற்குப் பெயர் பழுது பார்த்தல் இல்லை.

பிராண்ட் பெயரை நம்பிக் கதை கேட்காமல் விடுவது

வட அமெரிக்க வண்டிவீடுகளில் பெரும்பங்கு இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் வட்டாரத்தில்தான் தயாராகிறது. முகப்பில் ஒட்டிய பெயர் எதுவானாலும் அடிச்சட்டம் பெரும்பாலும் லிப்பர்ட் போன்ற ஒருசில சப்ளையர்களிடமிருந்து வரும். உயர்ந்த பிராண்ட், தாழ்ந்த பிராண்ட் என்ற பேச்சு மரவேலைக்குப் பொருந்தலாம், இரும்புக்கு அவ்வளவாகப் பொருந்தாது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் வண்டிவீடு தேட, 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கும் மேல் தயாரித்து அனுப்பினார்கள். அந்த அவசரத்தில் வந்தவை இப்போது பழைய சந்தைக்கு வருகின்றன. அந்த வருடங்களின் வண்டி என்றால் நான் வெல்டிங்கை இரண்டு தடவை பார்ப்பேன். என் சொந்த அபிப்பிராயம்தான்.

எதனால் இழுத்தீர்கள் என்று கேளுங்கள். கிங் பின்னைக் கழற்றாமல் நீளமான குழாய் மாட்டிக் கீழே ட்ரக் தொட்டியில் இருக்கும் இரும்புக் குண்டில் பூட்டும் கூஸ்நெக் அடாப்டர் உண்டு. குழாய் நீளமாக இருப்பதால் ஒவ்வொரு பிரேக்கும் கழுத்தைக் கடப்பாரை போட்டு நெம்பும். தயாரிப்பாளர்கள் பலர் அதைப் போட்டால் உத்தரவாதம் செல்லாது என்கிறார்கள். பூட்டு சரியாக விழாமல் வண்டி ட்ரக்கின் தொட்டி விளிம்பில் விழுந்திருக்கிறதா என்று மேல்தளத்தின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள், நசுங்கல் காட்டிக்கொடுத்துவிடும். முகப்பின் மூலையில் ஒட்டுப்போட்டிருந்தால், குட்டைத் தொட்டி ட்ரக்கில் திருப்பும்போது கேபின் இடித்திருக்கலாம்.

பின்பக்கம் சைக்கிள் ஸ்டாண்டோ மோட்டார் சைக்கிள் தட்டோ மாட்டியிருந்தார்களா? பின் பம்பர் பல வண்டிகளில் கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கும் மெல்லிய சதுரக் குழல்தான், பாரத்துக்கானது இல்லை. வண்டியை எப்போதாவது எடை போட்டார்களா என்பதையும் விசாரியுங்கள். நெடுஞ்சாலை ட்ரக் நிறுத்தங்களில் இருக்கும் கேட் ஸ்கேல் (CAT Scale) எடைமேடையின் சீட்டு ஒன்றைக் காட்டினால் அவர் வண்டியைப் பேணியவர் என்று பாதி நம்பலாம்.

டயர் தேய்மானம் ஒரு பக்கம் மட்டும் என்றால் அளவு டேப்பை எடுங்கள். கிங் பின்னிலிருந்து முன் அச்சின் இடது முனைக்கும் வலது முனைக்கும் தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் மேலே பேச மாட்டேன். டயர் நான்கும் புத்தம் புதிதாக இருந்தால் பழையதை எங்கே போட்டீர்கள் என்று கேட்பது அநாகரிகம் இல்லை.

அமெரிக்க வண்டி என்றால் வின் (VIN) என்ற வண்டி அடையாள எண்ணை அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள். ரீகால், அதாவது குறை கண்டு தயாரிப்பாளரே திரும்ப அழைத்தது, சரிசெய்யாமல் இருந்தால் அதில் தெரியலாம். உத்தரவாதத்தை மட்டும் நம்ப வேண்டாம், பல நிறுவனங்களில் சட்டத்துக்கான உத்தரவாதம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும். விலை பெரிது என்றால் தேசிய வண்டிவீட்டுப் பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரை அமர்த்துங்கள். அடிமறைப்பைக் கழற்றிப் பார்ப்பாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பலர் கழற்றுவதில்லை.

ஹேங்கர் அருகே விரிசல் என்றால் விலையைக் குறைத்துப் பேசலாம், நல்ல வெல்டர் ஓரிரு நாளில் முடித்துவிடுவார். கழுத்தோ முன்சுவரோ பிரிந்திருந்தால் முகப்பைக் கழற்றி, பக்கச்சுவரைத் திறந்து, இரும்பை நேராக்கி, எல்லாவற்றையும் திரும்ப மூட வேண்டும். பழைய வண்டிக்கு அந்தச் செலவு வண்டி விலையையே தாண்டிவிடலாம். அங்கே பேரமே வேண்டாம்.

கடைசியாக, ட்ரக்கில் பூட்டிக் காட்டுங்கள் என்று கேட்கும்போது சிலர் ட்ரக்கை விற்றுவிட்டேன், தம்பி எடுத்துப்போயிருக்கிறான் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ட்ரக் கிடைக்கிற அன்றைக்கு வருகிறேன் என்று போன் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அட்வான்ஸ் எதுவும் கொடுக்காமல்.