ஒற்றை டிரான்சிஸ்டரில் தொலைதூர வானொலி: 1920-களின் முறையில் செய்து கேட்பது எப்படி

தொலைவில் உள்ள நிலையங்களைக் கேட்கப் பெரிய ஏரியலும் விலை கூடிய ரிசீவரும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 1925-இல் அமெரிக்காவில் வந்த ‘க்ராஸ்லி பப்’ என்ற பெட்டியில் இருந்தது ஒரே ஒரு வால்வு (டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் சிக்னலைப் பெருக்கிய கண்ணாடிக் குழாய்). விலை 9 டாலர் 75 சென்ட். இதுபோன்ற ஒற்றை வால்வுப் பெட்டிகளை வைத்துக்கொண்டுதான் அந்தக் காலத்து நேயர்கள் பல நூறு மைல் தள்ளி இருந்த நிலையங்களை ஹெட்போனில் பிடித்தார்கள். இதற்கு உதவியது ரீஜெனரேஷன் என்ற உத்தி. எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912-இல் கண்டறிந்து 1914-இல் காப்புரிமை பெற்றது. வால்வு பெருக்கிய சிக்னலில் கொஞ்சத்தை மறுபடி காயிலுக்கே திருப்பிவிட்டால், அது மீண்டும் பெருகும், மீண்டும் திரும்பும். அளவு சரியாக இருந்தால் ஒரே வால்வு பல வால்வுகளின் வேலையைச் செய்துவிடும்.

அந்தச் ‘சரியான அளவை’ நம் கைதான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இந்தப் பதிவில் பெட்டி செய்வதைவிட அதை ஓட்டும் விதத்துக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். சால்டர் வைக்கத் தெரியும், எஃப்இடியில் கேட், டிரெயின், சோர்ஸ் எது எது என்று தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியவை

வால்வுக்குப் பதில் பிஎஃப்டபிள்யூ10. பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி லேப்களில் எல்லோரும் பார்த்த அதே எஃப்இடிதான். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். அதன் நான்காவது கால் உலோக மூடியுடன் சேர்ந்தது. அதை எர்த்துடன் சேர்த்துவிடுங்கள்.

டியூனிங்குக்கு ஒரு கேங் கண்டென்சர். பாக்கெட் ரேடியோவில் வரும் பிளாஸ்டிக் கேங்கை விட, பழைய வால்வு ரேடியோவில் இருந்து கழற்றிய, தகடுகள் வெளியே தெரியும் காற்று கேங்கைத்தான் நான் விரும்புகிறேன். இழப்பு குறைவு, சுழற்சி மென்மை. பழைய ரேடியோ மெக்கானிக் கடைகளில் இன்னும் கிடக்கிறது. இரண்டு பகுதிகளில் ஒன்று போதும், சுமார் 365 பிகோஃபாரட். பிளாஸ்டிக் கேங்கையும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ரீஜெனரேஷனுக்கு அது போதும்.

அப்புறம் மோட்டார் வைண்டிங் கடையில் 26 கேஜ் எனாமல் கம்பி 50 கிராம், 63 மில்லிமீட்டர் பிவிசி குழாய் ஒரு சாண், 2.5 மில்லிஹென்றி சோக், ஹெட்போனுக்கு ஒலியைப் பெருக்கித் தர எல்எம்386 ஐசி, 9 வோல்ட் பேட்டரி, சில்லறை ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும். பேட்டரிக்குப் பதில் அடாப்டர் போட வேண்டாம். மின்சார லைனின் இரைச்சல் முழுவதும் உள்ளே வந்துவிடும்.

படி 1: காயில்

குழாயில் 60 சுற்று, நெருக்கமாக, ஒரே அடுக்கில். இது சுமார் 240 மைக்ரோஹென்றி. 365 பிகோஃபாரட் கேங்குடன் சேர்ந்தால் மத்திய அலை முழுவதும் அடங்கிவிடும். உங்கள் கேங் 500 பிகோஃபாரட் என்றால் 55 சுற்று போதும். அன்றைய அமெரிக்க வீடுகளில் ஓட்ஸ் வரும் உருண்டை அட்டை டப்பாவில்தான் இதைச் சுற்றினார்கள். நம் ஊர் ஈரக் காற்றுக்கு அட்டை சரிப்படாது, பிவிசிதான் நல்லது.

5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதே குழாயில், அதே திசையில் இன்னொரு 15 சுற்று. இது திருப்பி ஊட்டும் காயில். ‘டிக்லர்’ என்பார்கள்.

படி 2: இணைப்பு

பெரிய காயிலின் வெளி முனை கேட்டுக்கு. டிக்லரைப் பார்த்திருக்கும் உள் முனை எர்த்துக்கு. கேங் இந்த இரண்டுக்கும் குறுக்கே. சோர்ஸில் இருந்து எர்த்துக்கு 2.2 கிலோஓம், அதற்கு இணையாக 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றும்.

டிரெயினில் இருந்து இரண்டு பாதைகள். ஒன்று சோக் வழியாக, பிறகு 2.2 கிலோஓம் வழியாக 9 வோல்ட்டுக்கு. சோக்கும் ரெசிஸ்டரும் சேரும் இடத்தில் எர்த்துக்கு ஒரு 0.001 மைக்ரோஃபாரட். அதே இடத்தில் இருந்து 0.1 மைக்ரோஃபாரட் வழியாக ஒலியை எடுத்து, 10 கிலோஓம் வால்யூம் கன்ட்ரோல் கடந்து எல்எம்386-க்குக் கொடுங்கள். அந்த ஐசியின் சர்க்யூட் டேட்டா ஷீட்டில் இருக்கிறது. 200 மடங்கு பெருக்கும் அமைப்பையே போடுங்கள்.

இரண்டாவது பாதை டிக்லர் வழியாக. டிக்லரின் மறுமுனை பிளாஸ்டிக் கேங்கின் இரண்டு பகுதிகளையும் சேர்த்த முனைக்கு, அங்கிருந்து எர்த்துக்கு. இந்த கேங்கைத் திருப்புவதுதான் ரீஜெனரேஷனைக் கூட்டுவதும் குறைப்பதும்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த இடம் டிக்லரின் திசை. எல்லா இணைப்பும் சரியாக இருக்கும், ஆனால் கன்ட்ரோலை எவ்வளவு திருப்பினாலும் பெட்டி உயிர் பெறாது. விதி எளிது: இரண்டு காயிலும் ஒரே திசையில் சுற்றியிருந்தால், குழாயின் இரண்டு வெளி முனைகளில் ஒன்று கேட்டுக்கும் மற்றது டிரெயினுக்கும் போக வேண்டும். உள் முனைகள் இரண்டும் எர்த் பக்கம். டிரெயினும் உள் முனையும் மாறிவிட்டால், திரும்பி வரும் சிக்னல் முதல் சிக்னலுக்குத் துணை போகாமல் அதைக் குறைக்கும். அப்போது கன்ட்ரோலைக் கூட்டக் கூட ஒலி மங்கும். அதுதான் அடையாளம். காயிலைப் பிரிக்க வேண்டாம், டிக்லரின் இரண்டு முனைகளையும் மாற்றி சால்டர் வையுங்கள். மாற்றிய பிறகும், ரீஜெனரேஷனைக் கூட்டும்போது வர வேண்டிய விசில் (படி 5 பாருங்கள்) வரவில்லை என்றால் டிக்லரை 20 சுற்றாக்குங்கள்.

படி 3: ஏரியலும் எர்த்தும்

மொட்டை மாடியில் 15, 20 மீட்டர் கம்பி போதும், முடிந்த அளவு உயரத்தில். அன்றைய வழிகாட்டிகள் எர்த்துக்குத் தண்ணீர்க் குழாயைச் சொல்வார்கள். இப்போது வீடுகளில் குழாய் எல்லாம் பிளாஸ்டிக் என்பதால் அது பயன்படாது. ஈரமான இடத்தில் நான்கடி இரும்புக் கம்பியோ செம்புக் கம்பியோ அடித்து, அதிலிருந்து வயர் கொண்டுவாருங்கள். வீட்டு மின்சார எர்த்தைத் தொடவே வேண்டாம்.

ஏரியலை நேரடியாகக் காயிலின் கேட் முனையில் சேர்க்காதீர்கள். நடுவில் 22 பிகோஃபாரட் கண்டென்சர் கட்டாயம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். இடி மின்னல் தெரிந்தால் ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இடியின் இரைச்சலே காதை அடைக்கும். ஜனவரி, பிப்ரவரி இரவுகளில் தொடங்குவது நல்லது. அமெரிக்காவிலும் வானொலிக்குக் குளிர்காலம்தான் சீசன்.

படி 4: எந்த நேரம்

பகலில் முயன்று மனம் தளர வேண்டாம். சூரிய ஒளியில் வளிமண்டலத்தின் மேலே உருவாகும் ஒரு கீழ் அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்து, 100 கிலோமீட்டரும் அதற்கு மேலும் உள்ள அடுக்குகள் அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். 1920-களின் தொடக்கத்தில் நேயர்களுக்குத் தெரிந்தது இரவில் தூரம் கூடும் என்ற அனுபவம்தான். மேலே அப்படி ஒரு அடுக்கு இருப்பதை 1924 டிசம்பரில் இங்கிலாந்தில் எட்வர்ட் ஆப்பிள்டன் பரிசோதித்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது பிபிசியின் போர்ன்மவுத் நிலையத்தின் அலைகளை.

இரவிலும் ஒரு தடை உண்டு, உள்ளூர் நிலையம். பக்கத்தில் ஒரு நிலையம் முழங்கிக்கொண்டிருந்தால் எளிய பெட்டியால் அதைத் தாண்டிக் கேட்க முடியாது. சிகாகோவில் இதற்கு அருமையான ஏற்பாடு செய்தார்கள். திங்கட்கிழமை இரவுகளில் ஊர் நிலையங்கள் எல்லாம் பேச்சை நிறுத்திக்கொண்டன, நேயர்கள் வெளியூரைக் கேட்கட்டும் என்று. ‘மௌன இரவு’ என்று அதற்குப் பெயர். நிலையங்களே நேயருக்காக வாயை மூடிக்கொண்ட அந்தப் பெருந்தன்மை வானொலி வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நமக்கும் தினமும் ஒரு மௌன இரவு கிடைக்கிறது. வானொலி நிலையங்கள் பல இரவு 11 மணியை ஒட்டி ஒலிபரப்பை முடிக்கின்றன. அதற்குப் பிறகு அரபு, பாரசீகம், தென்கிழக்காசிய மொழிகள் மேலே வரத் தொடங்கும். அதற்கு முன் 7 மணி முதல் 11 மணி வரை பக்கத்து மாநிலங்கள்: 612 கிலோஹெர்ட்ஸில் பெங்களூரு, 738-இல் ஹைதராபாத், 837-இல் விஜயவாடா. 882-இல் இலங்கையின் புத்தளத்தில் இருந்து வருவது பலமாகவே இருக்கும். ஆயிரம் கிலோவாட் சக்தியில் அமைந்த 594 கொல்கத்தாவையும் 1071 ராஜ்கோட்டையும் தேடிப் பாருங்கள்.

படி 5: இரண்டு கைகளின் வேலை

இதை அவசரப்படாமல் பழகுங்கள். இடது கை ரீஜெனரேஷனில், வலது கை டியூனிங்கில்.

ரீஜெனரேஷனை மெதுவாகக் கூட்டுங்கள். ஹெட்போனில் ஒரு மெல்லிய ‘ப்ளப்’ கேட்டு, பின்னணி இரைச்சல் திடீரென்று கூடும். பெட்டி இப்போது ஊசலாடத் தொடங்கிவிட்டது, அதாவது தானே அலையை உண்டாக்குகிறது. இந்த நிலையில் டியூனிங்கைத் துளித் துளியாக நகர்த்தினால், ஒவ்வொரு நிலையமும் ஒரு விசிலாக வரும். பேச்சே கேட்காத அளவு பலவீனமான நிலையமும் விசிலாகக் கேட்கும், தேடுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. நகர்த்த நகர்த்த விசிலின் சுருதி இறங்கும், அப்புறம் ஒரு நொடி மௌனம், பிறகு மீண்டும் ஏறும். அந்த மௌனப் புள்ளியில்தான் நிலையம் இருக்கிறது. அங்கே நிறுத்துங்கள்.

இப்போது ரீஜெனரேஷனை மயிரிழை குறையுங்கள். விசில் போய் குரல் வரும். ஆனால் ரீஜெனரேஷனைத் தொட்டதும் டியூனிங்கும் சற்று விலகியிருக்கும், அதனால் வலது கை உடனே பின்தொடர வேண்டும். ஒரு கை குறைக்க, மறு கை சரி செய்ய, இரண்டும் சேர்ந்தே நகர வேண்டும். விசில் தொடங்கும் புள்ளிக்கு எவ்வளவு நெருக்கமாகக் கீழே நிற்கிறீர்களோ, அவ்வளவு தூரம் கேட்கும். மேலும் நெருங்கினால் ஒலி அடைத்தது போல மந்தமாகும், பெட்டி பிடிக்கும் அலைவரிசைப் பட்டை குறுகுவதால் அப்படி. பாட்டு கேட்க அது சரியில்லை. நிலையத்தின் பெயரைப் பிடிக்க அதுதான் சரி.

பெரிய குமிழ் போடுங்கள். கை அருகில் போனாலே சுருதி மாறுகிறது என்றால், பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு தகடு வைத்து எர்த்துடன் சேருங்கள்.

நிலையம் கிடைத்த பிறகும் பெட்டியை ஊசலாட விட்டுவிடாதீர்கள். ஊசலாடும் பெட்டி ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். 1920-களில் தெருவுக்குப் பல பெட்டிகள் இருந்தபோது, ஒருவர் பெட்டியின் விசில் அடுத்த வீட்டுப் பெட்டிகளில் எல்லாம் அலறியது. இங்கிலாந்தில் பிபிசியே நேயர்களிடம் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

படி 6: குறிப்பேடு

இதைத் தவிர்க்காதீர்கள். அன்றைய டயல்களில் பல வெறும் 0 முதல் 100 வரை எண் போட்டவை. எந்த எண்ணில் எந்த நிலையம் என்று நேயர்தான் எழுதி வைத்தார். நீங்களும் ஒரு பாகைமானியைக் குமிழுக்குப் பின்னால் ஒட்டி, தெரிந்த நிலையங்களில் இருந்து தொடங்குங்கள்: 720 சென்னை, 936 திருச்சி, 1053 தூத்துக்குடி. வரைபடத் தாளில் இவற்றைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால், தெரியாத நிலையத்தின் அலைவரிசை கோட்டில் இருந்தே தெரியும். நம் பகுதியில் அலைவரிசைகள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை, எனவே 9-ஆல் வகுபடும் எண்ணுக்குச் சரிசெய்துகொள்ளுங்கள்.

தேதி, நேரம், டயல் எண், மொழி, காதில் விழுந்த விவரம் என்று எழுதுங்கள். ‘பாட்டு’ என்று மட்டும் எழுதினால் பயனில்லை. யார் பேசினார், என்ன விளம்பரம், எந்த நிமிடம் நிலையத்தின் பெயர் வந்தது என்பதுதான் சான்று. 1924 முதல் சிகாகோவின் எக்கோ கம்பெனி இதற்கென்றே தபால்தலை போன்ற வில்லைகளும் ஆல்பமும் விற்றது. கேட்ட நிகழ்ச்சி விவரத்தை எழுதி, 10 சென்ட் நாணயத்துடன் நிலையத்துக்கு அனுப்பினால், சரிபார்த்து அந்த நிலையத்தின் பெயர் அச்சிட்ட வில்லையை அனுப்புவார்கள். 1922 அக்டோபரில் தொடங்கிய ஹவானாவின் பிடபிள்யூஎக்ஸ் போன்ற வெளிநாட்டு நிலையத்தைப் பிடிப்பது அமெரிக்க நேயர்களுக்குப் பெரிய பெருமை. இன்று அந்த வேலையை நிலையங்கள் அனுப்பும் வண்ண அட்டைகள் செய்கின்றன. அகில இந்திய வானொலி டெல்லியில் இருந்து வண்ண அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. முறையாக அறிக்கை எழுதி அனுப்புங்கள்.

பின்னூட்டங்களுக்குப் பிறகு சேர்த்தது

“டயலில் ஒரு பகுதியில் மட்டும் விசில் வரவில்லை, மற்ற இடங்களில் நன்றாக வருகிறது” என்று கேட்டிருந்தார்கள். அது ஏரியலின் வேலை. குறிப்பிட்ட அலைவரிசையில் ஏரியல் காயிலின் சக்தியை உறிஞ்சிவிடுகிறது. 22 பிகோஃபாரட் சொன்னது இதனால்தான். அதை 10 ஆகக் குறையுங்கள். அல்லது கண்டென்சரே இல்லாமல், ஏரியல் வயரை கேட்டுக்குப் போகும் வயருடன் இரண்டு மூன்று முறுக்கு முறுக்கி விடுங்கள். ஒலி சற்றுக் குறைந்தது போல இருக்கும், ரீஜெனரேஷன் அதை ஈடு செய்துவிடும்.

இன்னொரு கேள்வி, இரவு முழுவதும் ஒரே ‘ர்ர்ர்’ சத்தம். எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தும் சத்தம் குறையவில்லை என்றால் அது பக்கத்து வீட்டில் இருந்தோ தெருவிளக்கில் இருந்தோ வருகிறது. அப்போது ஏரியலின் திசையை மாற்றி, தெரு மின்கம்பியில் இருந்து விலகி, அது போகும் திசைக்கு 90 பாகையில் இருக்கும்படி கட்டுங்கள். மின்வெட்டு வந்தால் மற்ற வேலையை விட்டுவிட்டுப் பெட்டியின் முன் உட்காருங்கள். தெருவே இருண்டிருக்கும் அந்த அரை மணி நேரத்தில் கேட்கிற அளவு மற்ற நாட்களில் கேட்காது.