முதாரபா கணக்கு: கையெழுத்துக்கு முன் விகிதத்தைக் கேளுங்கள்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதி வங்கிகளில் நிலையான வைப்புப் போட்டுப் பழகியவர்கள் இஸ்லாமிய வங்கியிலும் முதலில் கேட்பது "எத்தனை வீதம்?" என்பதைத்தான். முதாரபா முதலீட்டுக் கணக்கில் அது பாதிக் கேள்விதான். இங்கே வட்டி இல்லை. நீங்கள் பணம் போட, வங்கி அதைத் தொழிலில் ஈடுபடுத்தி வரும் இலாபத்தை உங்களோடு பகிரும். வயலைக் குத்தகைக்கு விடாமல், விளைச்சலில் பங்கு பெறும் வாரத்துக்கு விடுவது போன்ற ஏற்பாடு. முன்கூட்டி ஒப்புக்கொள்வது இலாபத்தைப் பிரிக்கும் விகிதத்தை மட்டுமே.

உங்களுக்கு 60, வங்கிக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் 5 இலட்சம் ரூபாய் ஓராண்டில் 30,000 ஈட்டினால் உங்கள் பங்கு 18,000. 50,000 ஈட்டினால் 30,000. விளம்பரப் பலகையில் காணும் சதவீதம் வெறும் எதிர்பார்ப்பு. எனவே கடந்த மாதங்களில் உண்மையில் பகிர்ந்த இலாபத்தைக் கேட்டு வாங்குங்கள். விகிதத்தை வங்கி இடையில் மாற்றலாமா, தவணைக்கு முன் எடுத்தால் இலாபம் என்னவாகும் என்பதையும் விசாரியுங்கள்.

நட்டம் வந்தால்? வங்கியின் கவனயீனமோ ஒப்பந்த மீறலோ இல்லாதவரை அது பணம் போட்டவருக்கே. வங்கி இழப்பது தன் உழைப்பின் பலனை. மலேசியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய கணக்குகளை வைப்புகளிலிருந்து பிரித்தே வைத்திருக்கிறது. வங்கி முறிந்தால் வைப்புப் பணத்தை ஈடுசெய்யும் வைப்புக் காப்புறுதி அங்கு இவற்றுக்குக் கிடையாது. இங்கே நீங்கள் திறக்கும் கணக்கு காப்புறுதிக்குள் வருகிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள். மகளின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய காசென்றால் இதைக் கட்டாயம் கேட்பேன்.