நியோகிளிஃபியா: பெயரிலும் புதைபடிவக் கணக்கிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1908 ஜூலையில் ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் பிலிப்பைன்ஸ் கடலில் இழுத்த வலையில் ஒரு ஆண் இறால் சிக்கியது. அது என்ன இனம் என்று அப்போது யாரும் பார்த்துச் சொல்லவில்லை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், குடுவைக்குள் அது 60 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. பாரிஸைச் சேர்ந்த ழாக் ஃபொரெஸ்ட், மிஷேல் த சேன் லொரான் இருவரும் 1975-ல்தான் அதற்கு நியோகிளிஃபியா இனோபினாட்டா என்று பெயர் வைத்தார்கள். இனோபினாட்டா என்றால் எதிர்பாராதது. இதன் குடும்பமே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அற்றுப்போய்விட்டது என்றுதான் அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

இவ்வளவு அருமையான விலங்கைப் பற்றித் தமிழில் எழுதும்போது சில இடங்களில் கால் வழுக்குகிறது. முதல் சறுக்கல் ஆண்டிலேயே வந்துவிடும். 'கண்டுபிடிக்கப்பட்டது' என்ற ஒரே சொல்லைப் போட்டு 1908 என்றோ 1975 என்றோ முடித்துவிடக் கூடாது. பிடிபட்டது 1908, இனமாக விவரிக்கப்பட்டது 1975. அதன் பிறகு 1976-ல் பிரெஞ்சுக் குழு அதே கடலுக்குப் போய் மேலும் சில மாதிரிகளைப் பிடித்து வந்தது. ஒற்றை மாதிரியை மட்டும் நம்பிய கதை அத்தோடு முடிந்தது.

அடுத்து, இதைச் 'சிங்கி இறால்' என்று எழுதுவது. நம் கரையில் சிங்கி இறால் என்றால் பெரும்பாலும் பானுலிரஸ் என்ற பேரினம்தான் (பேரினம் என்பது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுதி). தடித்த முள் உணர்கொம்பு இருக்கும், முன்காலில் பெரிய இடுக்கி இருக்காது. அமெரிக்க, ஐரோப்பியத் தட்டுகளில் வருகிற ஹோமாரஸ் பேரினத்துக்குப் பெரிய இடுக்கிகள் உண்டு. இரண்டையும் ஆங்கிலத்தில் 'லாப்ஸ்டர்' என்ற ஒரே பெயரால் அழைக்கிறார்கள், ஆனால் இவை வேறு வேறு கிளைகள். நியோகிளிஃபியா இந்த இரண்டிலும் சேராது. கிளிஃபீடியா என்ற மூன்றாவது கிளை அதற்கு இருக்கிறது. இடுக்கி இல்லையே என்று பார்த்து, இந்தக் கூட்டத்தை ஒரு காலத்தில் சிங்கி இறால்களின் பக்கமே வைத்திருந்தார்கள். அந்தப் பழைய அட்டவணையைப் பார்த்து எழுதினால் இன்று தவறாகிவிடும்.

அதன் முன்காலை நெருக்கமாகப் பார்த்தால் குழப்பம் ஏன் வந்தது என்று புரியும். நண்டின் இடுக்கியில் இரண்டு விரல்கள் எதிரெதிரே நீண்டிருக்கும். இதில் அப்படி இல்லை. காலின் கடைசிக் கணு மடங்கி, அதற்கு முந்தைய கணுவின் நுனியில் துருத்திக்கொண்டிருக்கும் முள்ளின் மேல் போய் உட்காரும். அரைகுறை இடுக்கி என்று சொல்லலாம். அதனால் 'இடுக்கியே கிடையாது' என்று எழுதினாலும் சரியில்லை, 'இடுக்கி உண்டு' என்றாலும் சரியில்லை.

சரி, இப்போது பெயருக்கு வருவோம். நியோகிளிஃபியா பேரினத்தில் இரண்டு இனங்கள் உயிரோடு இருப்பதாகச் சில இடங்களில் இன்னும் எழுதுகிறார்கள். 2005-ல் பவளக் கடலில், நியூ கலிடோனியாவுக்கு மேற்கே, இரண்டாவது இனம் கிடைத்தது. அதை விவரித்த பெர்த்ரான் ரிஷே த ஃபோர்ஜ் 2006-ல் அதை நியோகிளிஃபியாவில்தான் வைத்தார். அதே ஆண்டில் ஃபொரெஸ்ட் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்து, மறைந்த தன் சக ஆய்வாளர் சேன் லொரான் நினைவாக லாரென்டேகிளிஃபியா என்று பெயரிட்டார். எனவே ஒரே குடும்பம், இரண்டு பேரினங்கள், ஆளுக்கு ஒரு இனம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று அடைப்புக்குறி. லாரென்டேகிளிஃபியா நியோகலிடோனிகா என்ற பெயருக்குப் பின்னால் விவரித்தவர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும். இனம் முதலில் வைத்த பேரினத்திலிருந்து வேறொன்றுக்கு மாறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இனோபினாட்டா இடம் மாறவில்லை, அதனால் அதற்கு அடைப்புக்குறி கிடையாது. அழகுக்காக இரண்டிலும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் அந்த வரலாறே அழிந்துபோகும்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் பொறுக்காதது 'உயிருள்ள புதைபடிவம்' என்ற தொடர்தான். அதைப் படிக்கிறவர் ஜுராசிக் கடலில் திரிந்த அதே இறால் இன்றும் உலவுகிறது என்று எடுத்துக்கொள்வார். அது உண்மை இல்லை. நமக்குத் தெரிந்த நியோகிளிஃபியா முழுக்க இன்றைய கடலிலிருந்து வந்தது. கல்லில் நமக்குக் கிடைப்பவை அதன் உறவுகள். கிளிஃபியா என்ற பேரினம் ஜுராசிக் காலப் பாறைகளில், குறிப்பாக ஐரோப்பாவில், நிறையக் கிடைக்கிறது. ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லில் மெக்கோகைரஸ் என்ற இன்னொரு உறவு இருக்கிறது. உடலுக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்கு அதன் முன்கால்கள் நீளமானவை. இவர்களைத் தாத்தா என்று எழுதாதீர்கள். பெரியப்பா, சித்தப்பா வழி என்று வேண்டுமானால் சொல்லலாம். கிளிஃபியாவிலிருந்து நேராக நியோகிளிஃபியாவுக்குக் கோடு போடும் படங்களை நம்ப வேண்டாம்.

கல்லில் உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் முதுகு ஓடுதான் மிஞ்சுகிறது. அந்த ஓட்டின் மேல் ஓடும் பள்ளக் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே சேர்கின்றன என்பதை வைத்துத்தான் குடும்பத்தை முடிவு செய்கிறார்கள். கிளிஃபியா என்ற பெயரே செதுக்குவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஒட்டியது. பாறையின் அழுத்தத்தில் ஓடு நசுங்கினால் இல்லாத கோடும் தெரியும், இருக்கும் கோடும் மறையும். இறால்கள் வளர வளரச் சட்டை உரிப்பவை, ஆகவே ஒரு புதைபடிவம் செத்த விலங்காக இல்லாமல் உரித்துப் போட்ட ஓடாகவும் இருக்கலாம். 'இங்கே இத்தனை இறால்கள் செத்துக் கிடந்தன' என்று எழுதுவதற்கு முன் அதை யோசிக்க வேண்டும்.

அப்புறம் அந்த 5 கோடி ஆண்டு இடைவெளி. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய இயோசீன் காலத்துக்குப் பிறகு இந்தக் குடும்பத்தின் படிவம் கிடைக்கவில்லை என்பதற்காக, அவை அழிந்து மறுபடி தோன்றின என்று பொருள் அல்ல. அவை உயிரோடுதான் இருந்திருக்கின்றன, நமக்குக் கிடைக்கும்படியான கல்லில் பதியவில்லை, அவ்வளவுதான். பிலிப்பைன்ஸில் இனோபினாட்டா பிடிபட்ட இடம் கிட்டத்தட்ட 200 மீட்டர் ஆழம். கரையோரக் கடலடி போலல்லாமல், அவ்வளவு ஆழத்துச் சேறு எளிதில் நிலத்துக்கு மேலே எழும்பி, சுத்தியலோடு வருகிறவர் கையில் சிக்குவதில்லை.