சூட்டு வலியா, பிரசவ வலியா? வீட்டுல எப்படிப் பாக்குறது

எட்டாம் மாசம் முடியுற நேரம், ராத்திரி புரண்டு படுத்தா வயிறு திடீர்னு கல்லு மாதிரி இறுகும், கொஞ்ச நேரத்துல தானா இளகிடும். எனக்கு மொத தடவை வந்தப்ப பயத்துல வீட்டையே எழுப்பிட்டேன். பாட்டிங்க சூட்டு வலின்னு சொல்றது இதைத்தான். டாக்டருங்க பிராக்ஸ்டன் ஹிக்ஸ்னு சொல்வாங்க, 1872ல இதைப் பத்தி எழுதின இங்கிலாந்து டாக்டரோட பேரு அது. கர்ப்பப்பை தசை இறுகி விடுது, ஆனா பிரசவ வலி மாதிரி கர்ப்பவாயைத் திறக்காது.

வந்தா மொதல்ல யூரின் போயிட்டு வாங்க, அப்புறம் ரெண்டு டம்ளர் தண்ணி குடிங்க, ஏன்னா நெறைஞ்ச மூத்திரப்பையும் ஒடம்புல தண்ணி கொறையுறதும் இதைத் தூண்டி விடும், வெயில் காலத்துல கேக்கவே வேணாம். ரொம்ப நேரம் நின்னுட்டு இருந்தீங்கன்னா இடது பக்கமா படுங்க, உக்காந்தே இருந்தீங்கன்னா கொஞ்சம் நடங்க. சூட்டு வலின்னா பெரும்பாலும் இதுலயே அடங்கிடும்.

அடங்கலையா, ஒரு பேப்பர் எடுத்து டைம் எழுதுங்க. ஒரு இறுக்கம் ஆரம்பிச்ச நேரத்துல இருந்து அடுத்தது ஆரம்பிக்கிற வரைக்கும் எத்தனை நிமிஷம், ஒவ்வொண்ணும் எத்தனை செகண்டு நிக்குது, ஒரு மணி நேரம் விடாம எழுதுங்க. 12, 25, 9 நிமிஷம்னு தாறுமாறா வந்தா பொய் வலியாத்தான் இருக்கும். நெஜ வலின்னா இடைவெளி கொறைஞ்சுக்கிட்டே வரும், வலி ஏறிக்கிட்டே போகும், நெறைய பேருக்கு இடுப்புல ஆரம்பிச்சு முன்னாடி சுத்தி வரும், வலி வர்றப்ப பேச முடியாது, நடந்தாலும் படுத்தாலும் விடாது. மொத பிரசவத்துல 5 நிமிஷத்துக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணும் 1 நிமிஷம், இப்படி 1 மணி நேரம் வந்தா கெளம்புங்க. ஆஸ்பத்திரி தூரம்னா அதுக்கு முன்னாடியே கெளம்பிடுங்க.

சீரகத் தண்ணி குடுத்துப் பாக்குற வழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு, குடிச்சா அடங்குனா சூட்டு வலின்னு. குடிங்க, தப்பில்ல, ஆனா அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க.

இன்னொண்ணு, 37 வாரம் முடியுறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரத்துல நாலு தடவைக்கு மேல இறுகினாலோ, பனிக்குடம் ஒடைஞ்சு தண்ணி கசிஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு கொறைஞ்சாலோ எண்ணிக்கிட்டு இருக்காதீங்க, ஒடனே போங்க. வண்டி இல்லன்னா 108க்கு அடிங்க. ரெண்டு தடவை போயி சும்மா திரும்பி வந்தாலும் பரவால்ல, யாராவது சலிச்சுக்கிட்டாலும் அதைப் பெருசா எடுத்துக்காதீங்க.

டைம் எழுதுன பேப்பரை ஸ்கேன் ஃபைலுக்குள்ளயே வச்சுடுங்க, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வருதுன்னு அங்க கட்டாயம் கேப்பாங்க.