தொட்டியில் குறைவது தண்ணீர், உப்பு அல்ல

கடல்மீன் தொட்டியில் மட்டம் இறங்கினால், கடல்தான் பக்கத்திலேயே கிடக்கிறதே என்று ஒரு குடம் கடல்நீரை ஊற்றிவிடாதீர்கள். ஆவியாவது வெறும் நன்னீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள 100 லிட்டர் தொட்டியில் 5 லிட்டர் வற்றினால், அது கிட்டத்தட்ட 37 கிராமாகிவிடும். ஆகவே ஊற்ற வேண்டியது ஆர்.ஓ. தண்ணீர்.

கண்ணாடியில் மட்டத்துக்கு நேராக டேப் ஒட்டி, தினமும் அதுவரை மெதுவாக நிரப்புங்கள். சம்ப் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால் டேப்பை அங்கே ஒட்டுங்கள். மேல்தொட்டியில் மட்டம் மாறுவதே தெரியாது. நம் குமரி மாவட்டத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் ஜன்னலோரத் தொட்டி இன்னும் சீக்கிரம் வற்றும்.

தண்ணீர் மாற்றும்போது கடல்நீர் சரி, ஆனால் எடுக்கும் இடம் முக்கியம். மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் ஆற்றுநீர் கலந்திருக்கும். நமக்கோ இரண்டு பருவமழை! வேறு எங்கே எடுத்தாலும் அளந்து பார்த்தே ஊற்றுங்கள். ஒப்படர்த்தி (நன்னீரைப்போல் எத்தனை மடங்கு அடர்த்தி என்ற அளவு) 1.025, 1.026 என்றால் நல்லது.

இதை அளக்க, முள் ஆடும் ஹைட்ரோமீட்டரை நான் அவ்வளவாக நம்புவதில்லை. முள்ளில் ஒரு சின்னக் காற்றுக்குமிழி ஒட்டினாலே அளவு கூடுதலாகக் காட்டும். நீரில் ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கி, 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் அவ்வப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், உப்பு ஏறியிருந்தால் ஒரே நாளில் இறக்க வேண்டாம். சில நாட்களில் கொஞ்சங்கொஞ்சமாக இறக்குங்கள்.